இரு வாசல் கொண்ட பள்ளி: விடுதிப் பள்ளி நினைவெழுத்துக் குறித்து ஒரு நோக்கு

பள்ளியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் சென்ற பின்னர், பழைய மாணவர்கள் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அங்கே திரும்பிச் செல்வது நம் நாட்டில் நன்கு வேரூன்றிவிட்ட வழக்கமாகும். காலையில் பூசை, நண்பகலில் விருந்து, மாலையில் பழைய படுக்கைக்கூடத்தை எட்டிப் பார்த்தல், புறப்படும்போது கையில் ஒரு சிறப்பு மலர். கத்தோலிக்கத் துறவியர் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பயின்றோர்க்கு இந்நாள் மேலும் அரியது. பகலில் வந்து செல்லும் மாணவனுக்குப் பள்ளி என்பது நாளின் ஒரு பகுதி. விடுதி மாணவனுக்கோ அது உண்ட இடம், உறங்கிய இடம், காய்ச்சலில் கிடந்த இடம், தாயை நினைந்து போர்வைக்குள் அழுத இடம்.

அத்தகைய மலர் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. ஜொகூர் மாநிலத்துப் பழைய கன்னியர் மடப் பள்ளி ஒன்றின் மாணவியர் வெளியிட்டது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டா; நான் சொல்லப்போவது இத்தகைய மலர்கள் பலவற்றிற்கும் பொருந்தும். அதனை எனக்குத் தந்தவர், அங்கே தங்கிப் படித்துப் பின்னர்த் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர். "படிச்சுப் பாருங்க தம்பி, எல்லாம் உண்மைதான். ஆனா நான் இருந்த எடம் இதுல இல்ல" என்றார். அவரது கட்டுரையும் அம்மலரில் இருந்தது! தாமே எழுதிய கட்டுரையில் தாம் இருந்த இடம் இல்லை என்று ஒருவர் கூறுவாராயின், குறை எழுதியவரிடத்தா, எழுத்து வகையிடத்தா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

மலரைப் படித்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், எழுதியோர் பலர், எழுத்தோ ஒன்றே போல் இருந்தது. பெரிய மணி, முற்றத்து மரம், கண்டிப்பும் கனிவும் நிறைந்த மதர், கஞ்சிப்பசை போட்டு மடிப்புக் கலையாத சீருடை, இரவில் திருட்டுத்தனமாய்த் தின்ற பிஸ்கட். தலைமைக் கன்னியரின் பெயர் ஒவ்வொரு கட்டுரையிலும் உண்டு. சமையல் செய்தவரின் பெயர் ஒன்றிலும் இல்லை. அடி வாங்கிய கதைகள் பல உள. அவையனைத்தும் சிரிப்பில் முடிகின்றன. நன்றியுணர்வைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அப்பெண்கள் பலர்க்கு அப்பள்ளி இல்லையேல் வாழ்வே வேறாக இருந்திருக்கும். ஆனால், நன்றி மட்டுமே பேசும் எழுத்து, ஒரு பெரிய கட்டடத்தை அதன் முன்வாசலிலிருந்து மட்டுமே வரைந்த படமாகிவிடுகின்றது.

முன்வாசல் என்றேன். இதனை வெறும் உருவகமாக நான் சொல்லவில்லை. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் செல்வோர், விக்டோரியா சாலையில் சைம்ஸ் என்று வழங்கும் கட்டடத் தொகுதியைக் கண்டிருப்பர். இன்று அது உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்த இடம். அங்குள்ள பழைய சிற்றாலயம் திருமண மண்டபமாகப் பயன்படுகின்றது. 2018இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றின் திருமணக் காட்சியும் அங்கேதான் எடுக்கப்பட்டது. ஆனால் 1854 முதல் 1983 வரை அது குழந்தை இயேசு கன்னியர் மடம். பள்ளியும் விடுதியும் அனாதை இல்லமும் ஒருங்கே அமைந்த வளாகம். மதர் மத்தில்ட் ராக்லோ என்ற பிரெஞ்சுக் கன்னியரின் தலைமையில் வந்த துறவியர், வந்த சில நாட்களிலேயே இரண்டு வகுப்புகளைத் தொடங்கினர். கட்டணம் செலுத்த வல்ல பெண்களுக்கு ஒன்று; அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் மற்றொன்று. 1904இல் எழுந்த அழகிய ஆலயத்தைப் பாதிரியார் சார்ல்ஸ் நைன் வடிவமைத்தார். அந்த வளாகத்தின் சுவரில் ஒரு சிறு வாயிலும் உண்டு. பெற்றோரால் வளர்க்க இயலாத சிசுக்களை அவ்வாயிலில் விட்டுச் செல்வர். புலி ஆண்டில் பிறந்த பெண் குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் விடப்பட்ட சீனச் சிசுக்களும் அவற்றுள் உண்டு. கன்னியர் அவர்களை எடுத்து வளர்த்தனர். நம்பிக்கை வாயில் என்பது அதன் பெயர். இன்றும் அது பாதுகாக்கப்பட்டு நிற்கின்றது.

ஒரே பள்ளி, ஒரு வாசலில் கைப்பெட்டியோடும் தந்தையோடும் வந்த சிறுமி, மற்றொரு வாசலில் துணியில் சுற்றி வைக்கப்பட்ட சிசு. ஐம்பதாண்டு கழிந்து இருவரும் திரும்பி வந்தால், ஒரே நினைவையா எழுதுவர்? மலர்க் கட்டுரைகள் முதலாமவள் எழுதியவை. இரண்டாமவள் எழுதினாளா என்று கேட்பதே திறனாய்வாளன் வேலை.

உலக இலக்கியத்திலே கத்தோலிக்க விடுதிப் பள்ளி நினைவுக்குத் தலைசிறந்த சான்றாக விளங்குவது ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் நூலாக வெளியிட்ட நாவல். கலைஞன் ஒருவனின் இளமைக்காலச் சித்திரம் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இயேசு சபையார் நடத்திய கிளாங்கோஸ் வுட் பள்ளியில் ஜாய்ஸ் தாமும் சிறுவயதில் தங்கிப் படித்தவர். நாவலின் சிறுவன் ஸ்டீபன் மூக்குக் கண்ணாடி உடைந்துபோனதால் எழுத வேண்டா என்று ஆசிரியரால் விலக்களிக்கப்பட்டிருக்கிறான். வகுப்புக்குள் வரும் கண்காணிப்புப் பாதிரியார், சோம்பேறித் தந்திரம் என்று கூறி அவன் இரு கைகளிலும் அடிக்கிறார். வலியைக் காட்டிலும் அநீதி அச்சிறுவனை எரிக்கின்றது. நீண்ட தாழ்வாரத்தைத் தனியே கடந்து, பள்ளித் தலைவரிடம் சென்று முறையிடுகிறான். அவர் கனிவோடு கேட்டு, தாம் பேசுவதாக உறுதி கூறுகிறார். வெளியே வந்தவனைத் தோழர்கள் வீரனைப் போலத் தூக்கிக் கொண்டாடுகின்றனர்.

இவ்வளவில் நின்றிருந்தால் அது நல்லதொரு மலர்க் கட்டுரையாகும். ஜாய்ஸ் நிற்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில், ஸ்டீபனின் தந்தை அப்பள்ளித் தலைவரைப் பின்னொருகால் சந்தித்ததை வீட்டில் சொல்கிறார். அந்த நிகழ்ச்சியைத் தலைவரும் அடித்த பாதிரியாரும் உணவு மேசையில் பேசிப் பேசி நகைத்தனராம். தந்தையும் அதனைச் சொல்லி நகைக்கிறார். சிறுவன் சிரித்தானா என்பதை ஆசிரியர் கூறவில்லை. ஒரு குழந்தைக்கு உயிர்ப்போராட்டமாக இருந்த ஒன்று, நிறுவனத்தின் வாயில் வேடிக்கைக் கதையாக மாறும் விதத்தை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய பகுதியை நான் படித்ததில்லை. மலரில் கண்ட அடிக் கதைகள் ஏன் சிரிப்பில் முடிகின்றன என்பதும் இங்கே விளங்குகின்றது. உணவு மேசையில் சொல்லப்பட்ட வடிவத்தையே நாம் நம் நினைவாக ஏற்றுக்கொண்டு விடுகிறோம்.

ஏற்றுக்கொள்ள மறுத்தவர்களும் உண்டு. அயர்லாந்தில் சபையினர் நடத்திய தொழிற்பள்ளிகளில் வளர்ந்தோர் அளித்த சாட்சியங்கள் 2009இல் விசாரணைக் குழு அறிக்கையாக வெளிவந்தன. கனடாவில், தம் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் வரலாறு குறித்து உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இறுதி அறிக்கை தந்தது. 2022இல் போப் பிரான்சிஸ் அந்நாட்டுக்கே சென்று மன்னிப்புக் கோரினார். நம் கன்னியர் மடங்களை அவற்றோடு ஒப்பிடுவது முறையாகாது. இங்கே பெற்றோரே விரும்பிப் பிள்ளைகளை அனுப்பினர்; இடம் கிடைக்காதா என்று ஏங்கினர். எனினும், முதியவர்கள் வாய் திறக்க அறுபது ஆண்டுகள் கூட ஆகலாம் என்பதற்கு அவை சான்று.

தமிழுக்கு வருவோம். ஏ. பி. ஜே. அப்துல் கலாமின் தன்வரலாறு, 'அக்னிச் சிறகுகள்' என்ற பெயரில் நம் மாணவர் பலரும் படித்த நூல். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரி விடுதியில், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் மாணவர் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறித்தவ மாணவர் ஒருவரும் தம்மோடு ஒரே அறையில் இருந்ததை அவர் மகிழ்ந்து சொல்கிறார். சைவ உணவுக் கூடத்துக்குச் செயலராகி, கல்லூரித் தலைவரான பாதிரியாரை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்ததையும் குறிப்பிடுகிறார். இராமேசுவரத்து இசுலாமியர் ஒருவர் கிறித்தவக் கல்லூரியின் சைவ உணவுக் கூடத்துக்குப் பொறுப்பேற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கதே. ஆயினும் இப்பகுதி நூலில் சில பக்கங்களே. ஏவுகணையை நோக்கி விரையும் நூலுக்கு விடுதி ஒரு நிறுத்தம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

தமிழில் மற்றொரு வாசலிலிருந்து எழுதப்பட்ட நூல் பாமாவின் 'கருக்கு'. 1992இல் வெளிவந்தது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் விடுதிகளில் தங்கிப் படித்து, ஆசிரியையாகி, பின்னர்த் தாமே கன்னியராகி, ஏழாண்டுக்குப் பின் அம்மடத்தை விட்டு வெளியேறியவர் அவர். ஆகவே 'கருக்கு' என்பது பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்குத் திரும்பிச் சென்ற கதையுமாகும். ஒரு நாள் விருந்துக்கு அல்ல, அங்கேயே வாழ்ந்து முடிப்பதற்கு. வீட்டிலே சோறில்லாதவர்கள் இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசும் விடுதிக் கன்னியர் அந்நூலில் வருகிறார். கல்லூரி விடுதியின் விருந்துக்கு உடுத்த நல்ல சேலை இல்லாமையால் குளியலறைக்குள் ஒளிந்துகொண்ட நிகழ்ச்சியும் வருகின்றது. விருந்தை அனைவரும் நினைவு கூர்வர். விருந்து நடந்தபோது தாழிட்ட கதவுக்குப் பின்னே இருந்தவளை யார் நினைவு கூர்வர்? இந்த ஒரு காட்சிக்காகவே அந்நூலை ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் படிக்கலாம்.

அந்நூலில் சினம் மட்டுமே உண்டு என்று சிலர் கருதுவது சரியன்று. படிப்பை அவர் ஓரிடத்திலும் பழிக்கவில்லை. படித்தால் இழிவு நீங்கும் என்று அண்ணன் சொன்னதைப் பற்றிக்கொண்டே அவர் முதல் மாணவியாகிறார். அப்படிப்பை அந்த விடுதியன்றி வேறெங்கும் அவர் பெற்றிருக்க இயலாது. கொடுத்த கையும் தள்ளிய கையும் ஒன்றாக இருப்பதே அந்நூலின் உள்வலி. பனங்கருக்கின் இருபுறமும் அறுக்கும் என்பதை நாம் அறிவோம்.

குறையும் உண்டு. விடுதியின் அன்றாடத்தைப் பாமா விரைந்து கடந்துவிடுகிறார். நமக்குத் தெரிய வேண்டிய பலவற்றைச் சொல்லாமலேயே செல்கிறார். உடனிருந்த சிறுமியரின் முகங்கள் துலங்கவில்லை. இக்குறையை நிரப்ப வேறெங்கும் செல்ல வேண்டா. அவர் வீட்டிலேயே விடை உண்டு. படிக்கச் சொன்ன அந்த அண்ணன்தான் திறனாய்வாளர் ராஜ் கௌதமன். அவர் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' என்னும் தன்வரலாற்று நாவல் 2002இல் வெளிவந்தது. அதே ஊர், அதே மதம், அதே சாதி இழிவு. ஆனால் நடையோ முற்றிலும் வேறு. தங்கை 'நான்' என்று பேசுகிறார். அண்ணன் தம்மையே 'சிலுவை' என்று மூன்றாம் ஆளாக்கித் தள்ளி நின்று எள்ளி நகையாடுகிறார். சிறுவனின் பசி, பயம், பூசை, பாடம், பொய், சிறு திருட்டு எல்லாம் அங்கே நிறைந்து வழிகின்றன. சில இடங்களில் அளவு மீறியும் வழிகின்றன என்பேன்; விவரங்களின் குவியலில் கதை மூச்சுவிடத் திணறுகின்றது. ஆயினும் அந்நாவலின் சிரிப்பு, ஜாய்ஸ் காட்டிய உணவு மேசைச் சிரிப்பன்று. அது அடி வாங்கியவனே சிரிக்கும் சிரிப்பு. கேட்பவர்க்கு அது சுடும். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவர் பத்தாண்டு இடைவெளியில் ஒரே வகைப் பள்ளி வாழ்வை இவ்வளவு வேறுபட்ட இரு நடைகளில் எழுதியிருப்பது தமிழிலே அரிய பேறு. உயர்கல்வி மாணவர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய வேண்டும்.

இவ்விரு நூல்களும் ஒரு செய்தியைச் சொல்லாமல் சொல்கின்றன. அங்கே படித்தவர்கள் நினைவை எழுதத் தமிழ் இருந்தது. அதுவும் ஊர்ப் பேச்சுத் தமிழ். மலேசியாவில் நிலைமை அதுவன்று. இங்கே கன்னியர் மடப் பள்ளி என்றால் நெடுங்காலம் ஆங்கிலப் பள்ளி என்றே பொருள். தோட்டத்துக் கிராணி தம் மகளை அங்கே அனுப்பினார் என்றால், லயத்துப் பிள்ளைகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்திருக்க, அவள் மட்டும் வேறொரு மொழிக்குள் குடிபெயர்ந்தாள் என்பதே அதன் உட்பொருள். 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி அப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறின. அதற்குள் ஒரு தலைமுறையே ஆங்கிலத்தில் கனவு காணப் பழகிவிட்டது.

மலாக்காவில் பிறந்து அங்குள்ள கன்னியர் மடப் பள்ளியில் பயின்ற ஷெர்லி ஜியோக்லின் லிம், 1996இல் ஆங்கிலத்தில் தம் நினைவுகளை நூலாக்கினார். அடுத்த ஆண்டு அமெரிக்க நூல் விருது ஒன்றும் பெற்றார். வறுமையுற்ற வீடு, பிரிந்து சென்ற தாய், ஐரிஷ் கன்னியர், அவர்கள் வழி வந்த ஆங்கில மொழி ஆகியவற்றை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். தம்மை ஆக்கிய மொழியே தம்மை வீட்டிலிருந்து பிரித்தது என்பதை உணர்ந்து எழுதியது அந்நூலின் வலிமை. அவர் சீன மரபினர். அவரோடொத்த தமிழ்ப் பெண்ணின் நூல் நம் அலமாரியில் எங்கே? நம் நாவல்கள் தோட்டத்தை எழுதின, சயாம் மரண ரயிலை எழுதின, அவற்றைப் போற்றுகிறோம். விடுதிக்குப் போன பெண்ணோ நம் கதைகளில் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்து ஆங்கிலம் பேசி எல்லாரையும் எரிச்சலூட்டும் கிராணி மகளாகவே வருகிறாள். அவள் உள்ளே என்ன நேர்ந்தது என்று நாமும் கேட்கவில்லை. இது நம் எழுத்தாளர் மீதுள்ள குறை. நானும் அவர்களுள் ஒருவன்.

மலரைத் தந்த அம்மையாரிடம் மீண்டும் சென்றேன். அவர் இருந்த இடம் எது என்று கேட்டேன். சமையற்கட்டு என்றார். பள்ளியில் தமிழ் பேசுதல் கூடாது. பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட வேண்டும். மாலைக்குள் வேறொருத்தி தமிழோ சீனமோ பேசக் கேட்டு அவளிடம் அதனைத் தள்ளிவிட வேண்டும். தோழியர் ஒருவரையொருவர் ஒட்டுக்கேட்டதும் அதனாலேதான். சமையற்கட்டில் ஒரு தமிழ் ஆயா இருந்தார். அங்கே மட்டும் அச்சட்டம் செல்லாது. வெங்காயம் உரிக்க உதவுவதாகச் சொல்லி அவர் நாள்தோறும் அங்கே செல்வாராம். "அங்கதான் தம்பி நான் தமிழ் படிச்சேன். அந்த ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமான் சீட்ட நான்தான் படிச்சுச் சொல்லுவேன். அவங்க எனக்கு விடுகதை போடுவாங்க." கன்னியர் ஒருவருக்கு இது தெரியுமாம், கண்டும் காணாதவர் போல் கதவருகே செபமாலையை உருட்டியபடி கடந்து போவாராம்.

இதையெல்லாம் ஏன் மலரில் எழுதவில்லை என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல எழுதச் சொன்னாங்க. எழுதிப் பாத்தேன். ஆயா வரல. மதர்தான் வந்தாங்க" என்றார்.

தமிழில் எழுதித் தருமாறு வேண்டினேன். இரண்டு மாதங்கள் கழித்துப் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் பதினோரு பக்கங்கள் எழுதி வைத்திருந்தார். மணியும் மரமும் அதிலும் உண்டு. மதரைப் பற்றி மலரில் எழுதியதைக் காட்டிலும் அதில் அதிகமாகவே எழுதியிருந்தார். மரத்துண்டைப் பற்றியும் அதே பக்கத்தில் இருந்தது. சில சொற்களில் எழுத்துப் பிழை இருந்தது. தமிழாசிரியையாயிற்றே என்று நான் சுட்டிக்காட்டினேன். அவை பிழையல்ல, ஆயா அப்படித்தான் சொல்லுவார் என்றார்.